நான் கட்டாத குழை

என் அண்ணாவால் என்னிடம் பொய் சொல்ல முடிந்தது. பிள்ளையாரிடம் சொல்ல முடியவில்லை. கோபம் ஆறினபிறகு இதை எழுதலாம் என்று பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளையாருக்குக் கோயில் இல்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைத் தாண்டி, வயல் முடிந்து பற்றைக்காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பாலை மரம் நிற்கிறது. அதன் கீழே கிடக்கிற கல்தான் பிள்ளையார். விறகுக்கோ தேனுக்கோ மலைக்குள் போகிறவர்கள் ஆளுக்கொரு இலைக்குழை முறித்து அந்த மரத்தின் தாழ்ந்த கிளையில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு குழை. இத்தனை பேர் உள்ளே போகிறோம், இத்தனை பேரையும் திருப்பி அனுப்பு என்று அதற்குப் பொருள். கூட்டியும் போடமாட்டார்கள், குறைத்தும் போடமாட்டார்கள். போட்ட குழையை யாரும் எடுப்பதுமில்லை. அது காய்ந்து தானாக விழவேண்டும். யானையை அங்கே யானை என்று சொல்லமாட்டோம், பெரியவர் என்போம். துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, கப்பல்களுக்குப் பேப்பர் செய்து சம்பளம் வாங்குகிற நானும் அப்படித்தான் சொல்வேன். அந்த மரத்தடியில் நின்றால் நீங்களும் சொல்வீர்கள்.

அண்ணாவும் நானும் மலைக்குப் போனது மரை பார்க்க. மானும் மரையும் ஒன்றென்று நினைக்கிற ஆட்கள் பட்டினத்தில் இருக்கிறார்கள். மரை பெரிது, கறுத்தது, கிடாய்க்குக் கழுத்தில் சடை இருக்கும். வெள்ளைக்காரத் துரைமார் இதைத்தான் எல்க் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அப்பா வேட்டைக்காரர். எங்கள் வீட்டில் மரை இறைச்சி சமைத்திருக்கிறார்கள், நானும் தின்றிருக்கிறேன், அதை மறைத்து நல்ல பிள்ளைக்கு நடிக்க எனக்கு விருப்பமில்லை. சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் அப்பா சுடுகிற துவக்கு போனது, பிறகு அப்பாவும் போனார். அண்ணா அதற்குப் பிறகு கொஞ்சக்காலம் யார் யாருடனோ வேட்டைக்குத் திரிந்துவிட்டு, கலியாணம் முடித்ததும் விட்டுவிட்டார். உப்புவெளியில் போட் எஞ்சின் திருத்துகிற கடை போட்டார். ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. எனக்கும் அதே கால்தான்.

அதனால் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் விடிய வெளிக்கிட்டு மோட்டார் சைக்கிளில் போய், வயற்கரையில் அதை விட்டுவிட்டு ஏறுவோம். துவக்கும் இல்லை, கத்தியும் இல்லை. ஒரு போத்தல் தண்ணீர், புட்டுப் பார்சல், என் ஃபோன். அண்ணாவின் பழைய காற்சட்டை ஒன்றை வெட்டித் தைத்து நான் போட்டுக்கொள்வேன். சூரை முள்ளுக்குள் போகிறதற்குச் சுடிதார் சரிவராது.

"பொம்பிளைப் பிள்ளைக்குக் காட்டுக்குள்ள என்ன வேலை எண்டு சனம் கேட்குது" என்று அண்ணா பகிடி பண்ணுவார்.

"ஆம்பிளைக்குத் தடம் தெரியேல்ல, அதுதான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லுங்கோ" என்பேன்.

அது முழுப் பகிடி இல்லை. நடப்பதற்கு அண்ணா விண்ணன். சருகு சத்தம் போடாமல் காற்றுக்கு எதிராகப் போகத் தெரியும். கச்சான் அடிக்கிற மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வரும், அதனால் துறைமுகப் பக்கத்துச் சரிவால் ஏறவேண்டும் என்று அவர்தான் சொல்வார். தடம் பார்க்கிற பொறுமை என்னுடையது. ஒரு பற்றையில் சேறு பூசியிருந்தால் அது காய்ந்ததா ஈரமா, எந்த உயரத்தில் பூசியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். அண்ணா ஒரு பீடி குடித்து முடித்து, "என்ன, கப்பலுக்குப் பேப்பர் செய்யிறியே?" என்று கேட்கும்வரை நிற்பேன். அப்படித்தான் அந்த இடத்தை நான் கண்டுபிடித்தேன்.

மலையின் இரண்டு முதுகுகளுக்கு நடுவே ஒரு மடிப்பு. கீழே நின்று பார்த்தால் அப்படியொன்று இருப்பதே தெரியாது. ஈஞ்சும் காரையும் அடைத்துக்கொண்டு நிற்கும், குனிந்து, சில இடத்தில் தவழ்ந்துதான் போகலாம். உள்ளே போனால் பாறைக்குழியில் கோடையிலும் வற்றாத தண்ணீர். அதன் கசிவில் மரை புரளுகிற சேறு. பக்கத்தில் ஒரு வீரை மரம், என் தோள் உயரத்துக்குப் பட்டை உரிந்து, பளபளவென்று, உரித்த இடத்தில் கறுத்த மயிர் ஒட்டியபடி. கொம்பு முற்றி அதன் தோல் கழலுகிற காலத்தில் கிடாய் மரத்தில் தேய்க்கும். முதல்முதல் அந்த மரத்தில் கையை வைத்தபோது ஒரு மயிரை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தேன். இவ்வளவு பெரிய பிராணி இத்தனை காலம் எங்கள் தலைக்கு மேலே இருந்திருக்கிறது, ஒரு சனத்துக்கும் தெரியாது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் ஈஞ்சு ஓலைகளுக்கு இடையால் துறைமுகம் தெரியும். நான் முதல்நாள் பேப்பர் செய்து கொடுத்த கப்பல் பெருவிரல் அளவில் நிற்கும்.

அந்தக் கிடாயை நாங்கள் பார்த்தது அதற்கடுத்த கோடையில். பாறைக்குப் பின்னால் வயிற்றில் படுத்துக் கிடந்தோம். அது தண்ணீருக்கு இறங்கி வந்து, குடிக்கமுன் முன்னங்காலால் ஒருதரம் நிலத்தில் தட்டியது. இடது கொம்பின் மேற்கவடு ஒன்று பிறழ்ந்து பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இடது காதிலும் ஒரு கிழிசல். எந்தக் காலத்திலோ பட்ட அடியாக இருக்கவேண்டும். ஃபோனில் ஒரு படம் எடுத்து அண்ணாவுக்கும் அனுப்பினேன். அடுத்த வருடம் கொம்பு விழுந்து புதிதாக முளைத்தபோதும் அதே கோணல் வந்தது. நான் அதற்குக் கோணலார் என்று பெயர் வைத்தேன். பெரியவருக்கு மரியாதை போட்டால் இவருக்கும் போடத்தானே வேண்டும்.

விழுந்த கொம்பை நான்தான் கண்டெடுத்தேன். அண்ணா அதைக் கையில் வாங்கி, பாரம் பார்த்து, விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடைச் சுவரில் மாட்டினால் எப்படியிருக்கும் என்றார். இது வெளியில் போனால் இடமும் வெளியில் போகும், வையுங்கோ என்றேன். வைத்தார். வைத்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார்.

"அம்மாவாணை, இந்த இடம் என்ரை வாயால வெளியில போகாது."

எங்கள் அம்மா அப்போதும் உயிரோடு இருந்தார், இப்போதும் இருக்கிறார். நான் நம்பினேன். என்னைக் கேட்டால், தலையை வெட்டினாலும் அண்ணா சொல்லமாட்டார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். அப்பாவின் காலத்து வேட்டைக்காரரிடம் ஒரு முறை இருந்தது. சுட்டவருக்குத் தலையும் கொம்பும். தடம் பார்த்தவருக்கு வலது முன்சந்து, முன்னங்காலின் தொடை இறைச்சி. தடக்காரர் காய்ச்சலில் படுத்து அன்றைக்கு வராவிட்டாலும் அவருக்காக ஒரு குழை போடுவார்கள், அந்த முன்சந்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதைத் தனிச் சட்டியில்தான் சமைக்கவேண்டும். வேறு யாரும் அதில் கைவைக்கக்கூடாது. இதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், கேட்டு மறந்துமிருந்தேன். எனக்கு இனி எதற்கு என்று மறந்தேனோ தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார். அண்ணி நன்றாகச் சமைப்பார், நான் இரண்டாம் தரம் கேட்க வெட்கப்படாத ஆள், அதனால் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. அன்றைக்குச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் பொரியல், பிறகு ஒரு சின்ன மண்சட்டியில் இறைச்சிப் பிரட்டல். மிளகும் இரம்பை இலையும் மணந்தன. அண்ணா குசினிக்குள் போய், அந்தச் சட்டியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் போட்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து வைத்து அறியாத மனுசன்.

"இதென்ன புதுமை?" என்றேன்.

"ஆடு. சாப்பிடு" என்றார்.

"கொஞ்சம் முத்தின ஆடு, மச்சாள். வேகுறதுக்குள்ள எனக்குப் போதும் எண்டு போச்சு" என்றார் அண்ணி.

நார் நாராக இருந்தது, ஆனால் நல்ல ருசி. நான் மறுபடியும் கேட்டு வாங்கினேன். சட்டியை வழித்துக்கூடத் தின்றேன். அண்ணாவும் அண்ணியும் மீன் பொரியலோடு நிறுத்திக்கொண்டார்கள். கொலஸ்ட்ரோலுக்குப் பயந்துவிட்டார்களாக்கும் என்று நான் நக்கலடித்தேன். அண்ணா சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கள்ளச் சிரிப்பு இல்லை அது. பிரியமாகத்தான் சிரித்தார்.

அடுத்த போயாவுக்கு அண்ணா வரவில்லை. சல்லிக் கிராமத்திலிருந்து ஒருவரின் எஞ்சின் வந்திருக்கிறது, அன்றைக்கே கொடுக்கவேண்டும் என்றார். அதற்கு முதலும் ஏதோ சாட்டுச் சொல்லியிருந்தார். எனக்குச் சினம் வந்தது. மரை கொம்பு தேய்க்கிற காலம், இவருக்கு எஞ்சின். நான் தனியாகவே வெளிக்கிட்டேன். தனியாகப் போவது விசர் வேலை என்று எனக்கும் தெரியும். பாலை மரம்வரைக்கும் போய், காற்றைப் பார்த்து, மனம் சொன்னால் ஏறுவது, இல்லாவிட்டால் திரும்புவது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது கிளையில் நான்கு குழைகள் கிடந்தன. நான்கும் ஒரே பதத்துக்குக் காய்ந்திருந்தன, ஒரே நாளில் முறித்தவை. விறகுக்கு வந்தவர்களாக்கும் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு முடிச்சைப் பார்த்தேன்.

எல்லாரும் குழையைக் கிளைக்கு மேலே போட்டுவிட்டுப் போவார்கள். என் அண்ணா மட்டும் கொடி பிடுங்கிக் கட்டுவார். போட்டைக் கட்டுத்தறியில் கட்டுகிற முடிச்சு, இரண்டு சுற்று, இழுக்க இழுக்க இறுகும். நான் போட்டால் காற்றுக்கு விழுந்துவிடும் என்று என் குழையையும் அவரேதான் வாங்கிக் கட்டுவார். அந்த நான்கில் இரண்டு சும்மா போட்டுக் கிடந்தன. மற்ற இரண்டும் கட்டியிருந்தன. ஒன்று பாலை, அண்ணா எப்போதும் முறிப்பது. மற்றது வீரை. கூட வந்தவனுடையதையும் கட்டிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

நான் ஏறினேன். காற்றையும் பார்க்கவில்லை, பெரியவரையும் நினைக்கவில்லை. என் குழையைக் கட்டக்கூட மறந்துபோனேன் என்பது பாதிவழியில்தான் நினைவு வந்தது, திரும்பவில்லை. தவழுகிற இடத்தில் தவழ வேண்டியிருக்கவில்லை. யாரோ வெட்டி வழி எடுத்திருந்தார்கள். ஈஞ்சின் வெட்டுவாய்கள் மண்ணிறமாகக் காய்ந்திருந்தன.

மடிப்புக்குள் ஒரு சாம்பல் குவியல். ஒரு சோடாப் போத்தல். புல்லும் இலையுமாய் இரைப்பையிலிருந்து கொட்டியது காய்ந்து ஒரு மேடாகக் கிடந்தது. எலும்புகளைப் பன்றி இழுத்துச் சிதறடித்திருந்தது. தலை தண்ணீருக்குப் பக்கத்தில் கிடந்தது, கொம்புகள் இருந்த இடத்தில் மண்டை ஓட்டோடு வெட்டி எடுத்திருந்தார்கள். இடது காதில் கிழிசல் அப்படியே இருந்தது. நான் அந்த வீரை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையும், சின்ன மண்சட்டியும், முத்தின ஆடும் ஒவ்வொன்றாக வந்தன. நான் கோணலாருக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன். இத்தனை நாளுக்குப் பிறகு வாந்தி எடுத்து என்ன வரப்போகிறது, ஆனாலும் எடுத்தேன்.

நேரே உப்புவெளிக்குப் போனேன். அண்ணா கடையில்தான் இருந்தார். எஞ்சின் என்று ஒன்று உண்மையிலேயே கழற்றிக் கிடந்தது, அதுவரைக்கும் பொய் இல்லை. என் காற்சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. கை துடைக்கிற துணியைத் தேடினார்.

"ஆர் சுட்டது?" என்றேன்.

"நான் சுடேல்ல. துவக்கைத் தொடவே இல்ல. வழி மட்டும்தான் காட்டினனான்."

"அம்மாவாணை எண்டு சொன்னனீ."

பிறந்த நாளிலிருந்து நான் அண்ணாவை நீங்கள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு நீ வந்தது. இரண்டு பேருக்கும் அது கேட்டது.

அவர் சொன்ன கதை இதுதான். கடைக்கு வந்துபோகிற இரண்டு பேர். வேட்டைக் கதை எடுத்தார்கள். இப்போது மலையில் மரையே இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். அண்ணாவுக்குப் பொறுக்கவில்லை. நான் எடுத்து அனுப்பிய படத்தை ஃபோனில் காட்டினார். அவர்கள் இடத்தைக் கேட்டார்கள், சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நக்கல். தங்கச்சியின்ரை பின்னால திரியிறவன், தங்கச்சியிட்டக் கேட்டுத்தான் மூச்சு விடுவான், என்று.

"எவ்வளவு நாளைக்கு அதைக் கேட்கிறது?" என்றார் அண்ணா. "மாட்டன் எண்டு சொல்ல ஏலாமப் போச்சு."

நக்கலுக்கு ஒரு உயிரை விற்ற மனிதனிடம் என்ன கதைப்பது? ஒரு ஃபோன் எடுத்தால் வனசீவராசிக்காரர் வருவார்கள், அந்த இரண்டு பேரோடு அண்ணாவையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஃபோன் கையில்தான் இருந்தது. நான் எடுக்கமாட்டேன் என்பது அண்ணாவுக்குத் தெரியும். எனக்கு அதுதான் இன்னும் எரிந்தது. என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் இதைச் செய்திருக்கிறார்.

சத்தம் கேட்டு அண்ணி வீட்டுப் பக்கத்தால் வந்தார்.

"ஆடு எண்டு சொன்னது பிழைதான், மச்சாள்" என்றார். "ஆனா நீங்கள் விரும்பித்தானே சாப்பிட்டனீங்கள்."

"அண்ணி, நீங்கள் கொஞ்சம் உள்ளுக்குப் போங்கோ" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு அண்ணாவைப் பார்த்துக் கேட்டேன். "இவ்வளவு களவாப் போனனீ, பிறகு ஏன் குழை கட்டினனீ? கட்டாமல் போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

"கட்டாமல் ஏறேலுமே?" என்றார். "விசர்க்கதை கதைக்கிறாய். மூண்டு பேரின்ரை உயிர்."

"நாலு."

"மூண்டு. அவங்கள் ரெண்டு பேரும் நானும்."

"நாலு குழை கிடந்தது, அண்ணா. நான் பாத்தனான். ரெண்டு நீ கட்டினது."

துணியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அப்போது வந்த தெளிவை எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்குத் தன் பக்க நியாயம் ஒன்று கையில் அகப்பட்டால் வருகிற தெளிவு.

"மற்றது உன்ரை" என்றார். "தடம் பாத்தது நீதானே. நீ எப்பவும் முறிக்கிற வீரைக் குழையைத் தேடி முறிச்சுக் கட்டினனான். முன்சந்தை அவங்கள் கேட்டாங்கள், குடுக்கேல்ல. உனக்கெண்டு தனிச் சட்டியில போடச் சொன்னனான். அண்ணியைக் கேட்டுப் பார், அதில நாங்கள் ஒரு துண்டு தொட்டமா எண்டு. உன்ரை பங்கு உனக்கு வந்து சேர்ந்தது."

முறைப்படி எல்லாம் செய்திருந்தார். ஒரு பிசகு இல்லை.

நான் வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணா இரண்டு தரம் வந்து வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார், நான் உள்ளேயே இருந்தேன். இப்போது நல்லது கெட்டதுக்குக் கதைக்கிறோம். நான் மறுபடியும் நீங்கள் என்று சொல்கிறேன், அது மரியாதையால் அல்ல என்பது அவருக்கும் தெரியும்.

கச்சான் முடிகிற நேரம் ஒருதரம் பாலை மரத்தடிக்குப் போனேன். மலைக்கு ஏற அல்ல. சும்மா போட்டிருந்த இரண்டு குழையும் காற்றுக்கு விழுந்து மண்ணோடு கிடந்தன. கட்டிய இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே நின்றன, இலை கொட்டி, வெறும் தடியாக. போட்ட குழையைத் தொடக்கூடாது என்று தெரிந்தும் வீரைத் தடியின் முடிச்சில் கைவைத்தேன். நகத்தால் கிளப்பிப் பார்த்தேன், பல்லாலும் இழுத்துப் பார்த்தேன். அண்ணாவின் முடிச்சு இழுக்க இழுக்க இறுகிற்று.

கடைசியில் கையை விட்டேன். கல் அப்படியே கிடந்தது. பிள்ளையாரைப் பொறுத்தவரை அன்றைக்கு மலைக்குப் போனது நாங்கள் நான்கு பேர்.